பாட்டன் விட்டுச் சென்ற குடியுரிமை

ஒருவர் எந்த நாட்டின் பிரஜை என்னும் வினாவிற்கு உலகத்துச் சட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக விடை கூறுகின்றன. எந்த மண்ணில் பிறந்தார் என்று கேட்டு முடிவு செய்யும் சட்டங்கள் சில. யாருக்குப் பிறந்தார் என்று கேட்டு முடிவு செய்யும் சட்டங்கள் வேறு சில. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பலவும் முதல் வழியைக் கைக்கொண்டன. குடியேறி வந்தவர்களாலேயே வளர்ந்த நாடுகள் ஆதலின், வந்தவனுடைய பிள்ளையைத் தம் பிள்ளையாக்கிக்கொள்ளும் தேவை அவற்றுக்கு இருந்தது. இத்தாலி இரண்டாம் வழியைக் கைக்கொண்டது. அது மக்களை வெளியே அனுப்பிய நாடு. போனவனுடைய பிள்ளையும் தன் பிள்ளையே என்று அது எழுதி வைத்தது. ஒரே குழந்தையை இரண்டு நாடுகள் தத்தம் பேரேட்டில் பதிந்துகொண்டமையால் நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த வழக்குகளும், அவற்றை அடக்க இத்தாலிய அரசு 2025-ஆம் ஆண்டில் கொண்டுவந்த புதிய சட்டமுமே இப்பேச்சின் பொருள்.

1876-ஆம் ஆண்டு முதல் 1915-ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டுப் புறப்பட்டார்கள். வடக்கே வெனெத்தோ நாட்டுக் குடியானவர்கள் ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றார்கள். தெற்கே நேப்பிள்ஸிலும் பாலெர்மோவிலும் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். அர்ஜென்டீனாவின் கோதுமை வயல்களுக்கும் புவெனஸ் அயர்ஸ் நகரத்துப் பட்டறைகளுக்கும் இரு பகுதியினரும் போனார்கள். நிலமின்மை, வரிச்சுமை, விளைபொருளின் விலைவீழ்ச்சி, பருவகால நோய்கள் ஆகியவை அவர்களைத் துரத்தின. போனவர்களுள் திரும்பி வந்தவர்களும் பலர் உண்டு. எனினும் திரும்பாதவர்களின் வமிசத்தார் இன்று உலகெங்கும் 6 கோடியிலிருந்து 8 கோடி வரை இருக்கலாம் என்று இத்தாலிய வெளிநாட்டு அமைச்சகமே கணக்கிட்டிருக்கிறது. இத்தாலிக்குள் வாழும் மக்களின் தொகையோ 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரும் அச்சங்களுக்கெல்லாம் மூலம் அதுவே.

இத்தாலிய சட்டத்தின் உட்கருத்தைப் புரிந்துகொள்வதற்கு ஒரு சொல் வேறுபாட்டை அறிதல் வேண்டும். வழங்குதல் வேறு, அங்கீகரித்தல் வேறு. அயலான் ஒருவன் பல்லாண்டுகள் இத்தாலியில் வாழ்ந்து விண்ணப்பித்தால் அரசு அவனுக்குக் குடியுரிமையை வழங்குகிறது. வழங்காமலும் இருக்கலாம். வமிசாவளியால் உரிமை கோருகிறவனுக்கு அரசு எதையும் வழங்குவதில்லை என்பதே நெடுங்காலம் நிலைத்திருந்த கொள்கை. அவன் தாய் வயிற்றிலிருந்து வெளிப்பட்ட கணத்திலேயே இத்தாலியன் ஆகிவிட்டான். அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவனுடைய தந்தைக்கும் தெரியாமல் போயிருக்கலாம். கான்சல் அலுவலகமோ நீதிமன்றமோ காகிதங்களைப் பார்த்து, இருப்பதை இருப்பதாக எழுதிக் கையொப்பம் இடுகிறது, அவ்வளவே. மண்ணுக்குள் கிடக்கும் புதையலைத் தோண்டி எடுப்பதற்கு ஒப்பான காரியம் இது. தலைமுறைக்கு எல்லையும் இல்லை. சங்கிலியின் கண்ணி எங்கும் அறுபடாமல் இருந்தால் எள்ளுப் பேரனும் உரிமை கேட்கலாம்.

அந்தக் கண்ணிகள் எப்படி அறுபடும் என்பதே வக்கீல்களின் வித்தை முழுவதும்.

முதற் கண்ணி இத்தாலி என்ற நாடே பிறந்த நாள். 1861-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் இத்தாலிய இராச்சியம் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு முன் ஜெனோவாக்காரன் சார்டீனிய மன்னனின் குடி. நேப்பிள்ஸ்காரன் வேறொரு மன்னனின் குடி. ஆகவே மூதாதை அந்த நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டும். முன்னரே அயல்நாட்டில் இறந்திருந்தால் அவர் இத்தாலியராக ஒருநாளும் இருந்ததில்லை. தம்மிடம் இல்லாததை அவர் எவ்வாறு பிள்ளைக்குக் கொடுப்பார்? வெனெத்தோ 1866-ஆம் ஆண்டில்தான் இராச்சியத்தோடு சேர்ந்தது. திரெந்தோ, திரியெஸ்தே முதலிய பகுதிகள் முதல் உலகப் போருக்குப் பின்னரே, 1920-ஆம் ஆண்டு ஜூலை 16 முதல், இத்தாலியைச் சேர்ந்தன. அதற்கு முன் அப்பகுதிகளிலிருந்து கப்பலேறியவர்கள் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் குடிகள். அவர்களுடைய சந்ததியாருக்கென்று 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் கதவு 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இரண்டாவது கண்ணி, மூதாதை புதிய நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றாரா என்பது. 1865-ஆம் ஆண்டின் சிவில் சட்டத் தொகுப்பும், அதற்குப் பின் வந்த 1912-ஆம் ஆண்டின் 555-ஆம் எண் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை விரும்பவில்லை. தானே மனுச் செய்து அமெரிக்கனாக மாறியவன் இத்தாலிய உரிமையை இழந்தான். ஆனால் அமெரிக்க மண்ணில் பிறந்ததனால் அமெரிக்கன் ஆன குழந்தை எதையும் விரும்பிப் பெறவில்லை அன்றோ? எனவே அக்குழந்தை இரண்டு உரிமைகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு கூறியது. இதனால் நாள் கணக்கே எல்லாம் என்றாயிற்று. தந்தை நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறி அமெரிக்கன் ஆன தேதிக்கு முன் பிள்ளை பிறந்திருந்தால் சங்கிலி பிழைத்தது. மறுநாள் பிறந்திருந்தால் அறுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சட்டங்களுள் முக்கியமானது 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம். அது நடைமுறைக்கு வந்த அவ்வாண்டு ஆகஸ்டு 16 முதல், வேறு நாட்டுக் குடியுரிமை பெறுவதனால் இத்தாலிய உரிமை போகாது என்றாயிற்று.

மூன்றாவது கண்ணி பெண்களைப் பற்றியது. இங்கேதான் நீதிக்கு அதிக வேலை இருந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைத் தந்தை வழியாக மட்டுமே ஓடவிட்டது. அயல்நாட்டானை மணந்து அவனுடைய நாட்டுரிமையைப் பெற்ற பெண், தன் விருப்பம் கேட்கப்படாமலேயே தன் நாட்டை இழந்தாள். 1948-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் குடியரசின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆம் பிரிவு ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்றது. எனினும் அச்சமத்துவம் குடியுரிமைச் சட்டத்தை எட்டுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. திருமணத்தால் உரிமை பறிபோவது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1975-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தாயும் தன் உரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்று 1983-ஆம் ஆண்டில் கூறியது. ஆனால் அத்தீர்ப்பின் பயன் அரசியலமைப்பு பிறந்த நாளுக்குப் பின்னே செல்லாது என்று அதிகாரிகள் கொண்டனர். இதன் விளைவைப் பாருங்கள். ஒரே தாய்க்கு 1947-ஆம் ஆண்டில் ஒரு மகளும் 1949-ஆம் ஆண்டில் ஒரு மகனும் பிறந்திருந்தால், மகன் இத்தாலியன்; மகள் அயலாள். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கூட்டு அமர்வு 2009-ஆம் ஆண்டில் இந்தக் கோணலை நிமிர்த்தியது. அதன்பின் 1948-க்கு முற்பட்ட தாய்மாரின் வழியில் வந்தவர்கள் கான்சல் அலுவலகத்தில் மறுக்கப்பட்டாலும் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றனர்.

பிரேசிலில் ஒரு விந்தை நடந்தது. முடியாட்சியை நீக்கிக் குடியரசை நிறுவியவர்கள், 1889-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாளன்று பிரேசிலில் இருந்த அயல்நாட்டார் அனைவரும், வேண்டாம் என்று வந்து சொல்லாவிட்டால், பிரேசில் குடிகள் ஆவர் என்று அடுத்த மாதமே ஆணையிட்டார்கள். காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த எழுத்தறியாத குடியானவன் அந்த ஆணையைக் கேள்விப்பட்டிருப்பானா? அவன் வாய்மூடி இருந்தது சம்மதமா, அறியாமையா? நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் இக்கேள்வி இத்தாலிய நீதிமன்றங்களுக்கு வந்தது. மௌனத்தைத் துறவு என்று கொள்ள முடியாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவு கூறியது. சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொள்கை இவ்வாறிருக்க, நடைமுறை முழுவதும் காகிதமே. மூதாதையின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, இறப்புச் சான்று. பின் அவருடைய மகன், பேரன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் அதே மூன்றும் வேண்டும். இவற்றோடு மூதாதை புதிய நாட்டின் குடியுரிமையைப் பெறவே இல்லை, அல்லது இன்ன தேதியில் பெற்றார், என்பதற்கு அந்நாட்டு அரசின் சான்றும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மொழிபெயர்ப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தப்படி இடப்படும் அத்தாட்சி முத்திரையும் உண்டு. இத்தாலி முழுவதற்குமான அரசாங்கப் பதிவு 1866-ஆம் ஆண்டு முதல்தான். வெனெத்தோவில் 1871-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல்தான். அதற்கு முற்பட்ட பிறப்புகளுக்கு மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். தென்னாட்டில் நெப்போலியன் காலத்திய ஆட்சி 1809-ஆம் ஆண்டிலேயே பதிவைத் தொடங்கிவிட்டதால், ஏழை நேப்பிள்ஸ் நாட்டானின் வரலாறு இவ்விஷயத்தில் செல்வ வடநாட்டானின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவாக இருக்கும். இப்பதிவேடுகளுட் பலவற்றை இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் படம் எடுத்து, ‘முன்னோர்’ என்று பொருள்படும் ‘அந்தெனாத்தி’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன.

பெயர்கள் படுத்தும் பாட்டைச் சொல்லி முடியாது. ஜெனோவாவில் ஜுஸெப்பேயாகக் கப்பலேறியவர் சாந்தோஸில் ஜோஸே ஆவார். நியூயார்க்கில் ஜோசப் ஆவார். குடும்பப் பெயரில் இரட்டை எழுத்து ஒற்றையாகும்; ஓர் உயிரெழுத்து விழுந்துவிடும். பதிவு செய்த குமாஸ்தாவின் காதில் விழுந்ததே பெயர். நூறாண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகள் நீதிமன்றம் ஏறி அந்த எழுத்தைத் திருத்திக்கொண்டு வரவேண்டும்.

இத்தனை தொல்லைகளையும் மக்கள் ஏன் மேற்கொண்டார்கள்? பாட்டனின் ஊரின்மேல் கொண்ட பாசம் ஒரு காரணம். அதை ஏளனம் செய்வது தகாது. அதனினும் வலிய காரணம் அந்தச் செந்நிறக் கடவுச்சீட்டு. இத்தாலியின் குடி ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியும் ஆவான். மாட்ரிட்டிலோ லிஸ்பனிலோ பெர்லினிலோ தங்கி வேலை செய்யலாம். அர்ஜென்டீனாவில் 2001-ஆம் ஆண்டில் வங்கிகள் கதவடைத்தபோது இத்தாலியத் தூதரகங்களின் வாசலில் வரிசைகள் நீண்டன. உரிமையோடு வாக்கும் வந்தது. வெளிநாட்டு வாழ் குடிகள் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கலாம் என்று 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பாடு செய்தது. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரோமானோ புரோடியின் அரசு மேலவையில் பெரும்பான்மை பெற்றது கடல்கடந்த தொகுதியின் உறுப்பினர்களால்தான். பந்தாட்டக்காரர்கள் இவ்வழியை வெகு முன்னரே கண்டுகொண்டனர். லூயிஸ் மோன்டி என்பவர் 1930-ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் அர்ஜென்டீனாவுக்காக ஆடினார். 1934-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் இத்தாலிக்காக ஆடி வென்றார்.

வெளிநாடுகளில் வாழும் இத்தாலியக் குடிகள் 2014-ஆம் ஆண்டில் 46 லட்சம் பேர். 2024-ஆம் ஆண்டின் முடிவில் 64 லட்சம் பேர். அர்ஜென்டீனாவில் மட்டும் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20,000 பேரும், அடுத்த ஆண்டில் 30,000 பேரும் அங்கீகாரம் பெற்றனர். கான்சல் அலுவலகத்தில் முறை வருவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததால் வசதியுள்ளவர்கள் இத்தாலிக்கே சென்று, சிற்றூர்களில் வீடு பிடித்து, அங்கு மனுக் கொடுத்தார்கள். வீட்டையும் விலாசத்தையும் காகிதத்தையும் சேர்த்தே விற்கும் தரகர்கள் தோன்றினார்கள். சிலர் போலி விலாசத்துக்காக விசாரிக்கவும் பட்டார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூன் முதல் இவ்வழக்குகள் ரோமாபுரியை விட்டு, மூதாதை பிறந்த ஊருக்குரிய நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டதும் வெனிஸ் நீதிமன்றத்தில் கட்டுகள் குவிந்தன. வெனெத்தோவின் மலைப்பகுதியில் வால் தி சோல்தோ என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 3,000. பனிக்கூழ் செய்து ஐரோப்பா எங்கும் விற்ற கைத்தேர்ந்தவர்களின் ஊர் அது. அதன் நகராட்சி அலுவலகத்தின் சிறுபான்மை ஊழியர்கள் பிரேசிலிலிருந்து வந்து குவிந்த மனுக்களில் மூழ்கியபோது, மேயர் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலுவலகத்தின் முன் பிரேசில் நாட்டுக் கொடியைத் தொங்கவிட்டார்! உள்ளூரில் ஒரு மரணத்தைப் பதிவதற்கு ஆளில்லாமல், ஒருபோதும் அவ்வூரைக் காணாதவர்களின் பிறப்பைப் பதிந்துகொண்டிருக்க நேர்ந்த சிறிய ஊரின் முறையீடு அது.

இறுக்கம் முதலில் அதிகாரிகள் வழியாக வந்தது. தந்தை அமெரிக்கனாக மாறியபோது மகன் வயது வராத சிறுவனாக இருந்தால், அமெரிக்காவில் பிறந்த அம்மகனின் இத்தாலிய உரிமை பிழைத்தது என்றே பல்லாண்டுகள் கொண்டிருந்தனர். 1914-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிறந்த மகன். 1920-ஆம் ஆண்டில் தந்தை உறுதிமொழி கூறினார் என்று கொள்வோம். அம்மகனின் வழியில் எத்தனையோ பேர் கடவுச்சீட்டுப் பெற்றார்கள். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுட்டி, உள்நாட்டு அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தந்தையோடு மகனும் உரிமையை இழந்தான் என்பது அதன் முடிவு. ஒரே குடும்பத்தில் முந்திக்கொண்ட தமையன் இத்தாலியனாகவும், காகிதம் தேடிக்கொண்டிருந்த தம்பி அயலானாகவும் நின்றார்கள்.

பேரிடி 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் விழுந்தது. வெளிநாட்டு அமைச்சர் அந்தோனியோ தாயானி அறிவித்த 36-ஆம் எண் அவசரச் சட்டம் மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றம் அதனைத் திருத்தி மே மாதத்தில் 74-ஆம் எண் சட்டமாக்கியது. அதன் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்து வேறொரு குடியுரிமையும் உடையவர், அச்சட்டத்துக்கு முன் பிறந்திருந்தாலும், இத்தாலியக் குடியுரிமையை ஒருபோதும் பெறாதவராகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம். இழந்தார் என்று அது கூறவில்லை. பெற்றதே இல்லை என்கிறது. பிறந்த கணமே இத்தாலியன் என்று நூறாண்டுகளுக்கு மேல் சொல்லிவந்த அதே அரசு, புதையலே இல்லை என்று மண்ணை மூடிவிட்டது.

விலக்குகள் உண்டு. மார்ச்சு 27-ஆம் நாள் ரோமாபுரி நேரம் இரவு 11 மணி 59 நிமிடத்துக்குள் மனுவையோ வழக்கையோ கொடுத்தவர்களுக்கும், அதற்குள் மனுக் கொடுக்க நாள் குறித்துத் தரப்பட்டவர்களுக்கும் பழைய விதியே செல்லும். பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமை ஒன்றையே உடையவராக இருந்தால், அல்லது இறக்கும்போது அவ்வாறு இருந்திருந்தால், பேரனுக்கு உரிமை உண்டு. தாயோ தந்தையோ இத்தாலியக் குடியுரிமை பெற்றபின், பிள்ளை பிறப்பதற்கு முன், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இத்தாலியில் வாழ்ந்திருந்தாலும் உண்டு. கொள்ளுப் பாட்டனைக் கொண்டு வருபவனுக்கு வழி அடைபட்டது.

நாட்டோடு உயிருள்ள தொடர்பு இல்லாதவர்களுக்குக் குடியுரிமை எதற்கு என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மொழி அறியாமல், மண்ணை மிதிக்காமல், தேர்தலில் மட்டும் வாக்களிக்கும் ஒரு கோடிப் பேரை எந்த நாடுதான் தாங்கும்? எனினும் தொடர்பை அளப்பதற்கு இச்சட்டம் எடுத்துக்கொண்ட கோல் நேரானதாக எனக்குப் படவில்லை. ‘இத்தாலியக் குடியுரிமை ஒன்றையே’ என்னும் நிபந்தனையைப் பாருங்கள். புவெனஸ் அயர்ஸில் பிறந்து, வீட்டில் இத்தாலிய மொழி பேசி, இத்தாலியப் பள்ளியில் படித்து வளர்ந்த தந்தை, பிறந்த மண்ணின் உரிமையும் உடையவர் என்பதனால் கணக்கில் வருவதில்லை. சொந்த ஊரைவிட்டு வந்தபின் அதன் பெயரையே உச்சரிக்காத பாட்டன், புதிய நாட்டில் மனுப் போடச் சோம்பியிருந்த ஒரே காரணத்தால், பேரனுக்கு உரிமை தருகிறார். அளக்கப்படுவது தொடர்பு அன்று; பாட்டன் ஒரு காகிதத்தில் கையொப்பமிட்டாரா என்பதே.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இத்தாலி மண்ணிலேயே அயல்நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை, 18 வயது வரையில் இடைவிடாது அங்கேயே வாழ்ந்து, பின் ஓராண்டுக்குள் விருப்பம் தெரிவித்தால்தான் இத்தாலியன் ஆகலாம். பாலெர்மோவில் கானா நாட்டுப் பெற்றோருக்கு 1990-ஆம் ஆண்டில் பிறந்த கால்பந்து வீரர் மாரியோ பலோதெல்லி 2008-ஆம் ஆண்டில் 18 வயது நிறைந்த பின்னரே உரிமை பெற்றார். அர்ஜென்டீனாவின் அதிபர் ஹாவியேர் மிலேய்க்கு 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் மூதாதையர் வழியாகக் குடியுரிமை கிடைத்தபோது, இத்தாலியில் பலர் கோபம் கொண்டது இந்த ஒப்பீட்டினால்தான். அயல்நாட்டார் விண்ணப்பிக்க வாழவேண்டிய காலத்தைப் பத்தாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் குறைக்கலாமா என்று 2025-ஆம் ஆண்டு ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்காளருள் பாதிப்பேர் வந்தால்தான் செல்லும். வந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதின்மர். இரத்தத்தின் கதவு சுருங்கியது. மண்ணின் கதவு அகலவில்லை.

வழக்குகள் தொடர்ந்தன. எல்லையற்ற வமிசாவளி உரிமை அரசியலமைப்புக்கு ஒவ்வுமா என்று பழைய சட்டத்தைப் பற்றிச் சில நீதிமன்றங்கள் முன்னரே எழுப்பியிருந்த ஐயத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஜூலையில் ஏற்க மறுத்தது. அதற்கு முந்திய மாதம் டுரின் நீதிமன்றம் எதிர்த்திசையிலிருந்து ஒரு வினாவை அதே நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தது: பிறப்பிலேயே பெற்றதாக எண்ணப்பட்டதை, முன்னறிவிப்பே இன்றி, ஓர் இரவில் பின்னோக்கி அழிக்கலாமா என்பது அவ்வினா.

புதிய சட்டத்தில் ஒரு சிறு சாளரமும் வைக்கப்பட்டது. இத்தாலியில் பிறந்து, அல்லது அங்கு இரண்டாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்து, பின் அயல்நாட்டுக் குடியுரிமையை ஏற்றதனால் பழைய சட்டப்படி தம் உரிமையை இழந்தவர்கள், 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து 2027-ஆம் ஆண்டு டிசம்பர் 31 வரையில், கான்சல் முன் சென்று ஒரு வாக்குமூலம் கொடுத்து அதனைத் திரும்பப் பெறலாம். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறுவயதில் பெற்றோரோடு ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறியவர்கள். இன்று எழுபதும் எண்பதும் கடந்த முதியவர்கள். வாக்குமூலம் கொடுத்த மறுநாளிலிருந்துதான் அவர்களுக்கு உரிமை வரும்; வளர்ந்துவிட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் சேர்வதில்லை.